காண்பதும் அறிவதும்

விஞ்ஞானம் பற்றிக் கலைப்பீடத்தார் மத்தியில் இரு கருத்துகள் வழங்கி வருகின்றன. விஞ்ஞானி கருவியினூடாக உள்ளதை உள்ளவாறே காண்கிறான். வியாக்கியானம் என்னும் சிக்கல் இலக்கிய, வரலாற்று மாணவருக்கே உரியது என்பது ஒன்று. விஞ்ஞான உண்மையும் மனிதர் புனைந்ததே. ஆதலின் அதற்குத் தனி மதிப்பில்லை என்பது மற்றையது. முன்னையது அடிமை மனப்பான்மை. பின்னையது சோம்பலுக்குச் சூட்டப்பட்ட தத்துவப் பெயர். இரண்டும் தவறு என்பதற்குக் குளிர் இலத்திரன் நுணுக்குக்காட்டியின் வரலாறே சான்று.

புரதமொன்றின் வடிவத்தை அறியாது அதன் தொழிற்பாட்டை முழுமையாக விளங்கிக்கொள்ளல் அரிது. எக்ஸ் கதிர் முறைக்குப் புரதம் பளிங்காதல் வேண்டும். பல புரதங்கள் அதற்கு இணங்குவதில்லை. 1980களின் முற்பகுதியில் துபோசேயும் அவர்தம் குழுவினரும், திரவ நைதரசனாற் குளிரூட்டப்பட்ட எதேனில் புரதக் கரைசலின் மெல்லிய படலத்தைச் சடுதியாக அமிழ்த்தி, நீர் பளிங்காகுமுன் கண்ணாடிபோல் உறையச் செய்தனர். இம்முறையை வளர்த்தமைக்காகத் துபோசே, பிராங்க், ஹென்டர்சன் ஆகிய மூவரும் 2017இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசு பெற்றனர். 2020 பெப்ரவரியில், கொவிட் வைரசின் மரபுத்தொடர் வெளியாகிச் சில வாரங்களுக்குள், அதன் கூர்முனைப் புரதத்தின் வடிவம் இம்முறையாலேயே வெளிவந்தது.

ஆயின், அவ்வடிவத்தை எவரும் நேரே ‘கண்டனர்’ என்று கூறுதல் பொருந்தாது. இலத்திரன் கற்றை புரதத்தைச் சிதைக்கும். ஆகையால் மிகக் குறைந்த அளவிலேயே அதனைச் செலுத்துவர். கிடைக்கும் படமோ இரைச்சலில் மூழ்கியது. ஆயிரக்கணக்கான, சிலவேளை இலட்சக்கணக்கான துணிக்கைகளின் படங்களைத் திசையறிந்து அடுக்கிச் சராசரி கண்ட பின்னரே வடிவம் தோன்றும். எதனைப் பார்த்து அடுக்குவது? மாதிரியொன்றைப் பார்த்தே எனின், ஆபத்து அங்கேயே பிறக்கின்றது. வெறும் இரைச்சலாலான ஆயிரம் படங்களை ஐன்ஸ்டீனின் உருவப்படத்துக்கு ஒப்ப அடுக்கினால், சராசரியில் ஐன்ஸ்டீனே தோன்றுவார்! 2013இல் ஹென்டர்சன் இதனையே எடுத்துக்காட்டி, எச்.ஐ.வி. வைரசின் மேலுறைப் புரதம் பற்றி அவ்வாண்டில் வெளியான முடிவொன்றைக் கடுமையாக மறுத்தார்.

அவ்வாறாயின் யாவும் புனைவுதானா? அன்று. தன் துறையின் நோயை அத்துறையின் முன்னோடியே அம்பலப்படுத்தினார் என்பதை மறத்தலாகாது. தரவுகளை எழுந்தமானமாக இரு பாதிகளாகப் பிரித்து, ஒன்றையொன்று அறியாவண்ணம் தனித்தனியே வடிவம் கண்டு, இரண்டும் எந்த நுணுக்கம்வரை ஒத்துப்போகின்றனவோ அதுவரை மட்டுமே நம்புதல் இன்று அத்துறையின் நியதியாகும். வியாக்கியானம் அங்கும் உண்டு. அதனைத் தோற்கடிக்கக்கூடிய சோதனையும் உடன் உண்டு.

நம்மிடம் அச்சோதனை எங்கே? கோட்பாடொன்றைக் கையிலேந்தி நாவலை அணுகுகிறோம்; கோட்பாடு கூறியதையே நாவலிற் கண்டு மகிழ்கிறோம். எந்த நாவலை எடுத்தாலும் அதே முடிவு கிட்டுமெனின், நாம் கண்டது நாவலையா, கையிலிருந்த ஐன்ஸ்டீனையா? மாதிரியின்றி வாசித்தல் இயலாது என்பது உண்மை. எனினும், எத்தகைய சான்று கிடைப்பின் நம் முடிவைக் கைவிடுவோம் என்பதை முன்கூட்டியே கூறும் நேர்மை இயலாததன்று. அந்நேர்மையை ஏற்காத விமர்சனம், எத்துணைப் புலமை காட்டினும், இரைச்சலின் சராசரியேயாகும்.