பழைய மோட்டாரும் படித்த கைகளும்

பேரீச்சம்பழத்துக்குப் போட வேண்டியதுதான் என்று நம்மவர் எளிதில் தீர்ப்பளித்துவிடும் பொருள்களுள் படகின் பின்புறம் மாட்டும் மோட்டாரும் ஒன்று. அத்தீர்ப்பு பெரும்பாலும் தவறானது என்பது என் துணிபு. அதனை வீட்டு முற்றத்திலேயே பழுது பார்க்கலாம்; பார்க்கவும் வேண்டும். பட்டம் படிக்கும் பிள்ளையின் கையில் கிரீஸ் படலாகாது என்று எண்ணும் பெரியோர்க்கும் சேர்த்தே இதனை எழுதுகிறேன்.

ஓலே எவின்ரூட் என்பார் 1909-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் இத்தகைய மோட்டாரைச் செய்து வெற்றி கண்டார். நம் கரையிலோ 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் கண்ணாடியிழைப் படகுகள் பெருகியபோது மோட்டார்களும் பெருகின. அவற்றுள் பல இன்று கொல்லைப்புறங்களில் ஓலைக்கடியில் கிடக்கின்றன. அப்படிக் கிடந்த என் மாமாவின் மோட்டார் ஒன்றை அவரும் நானும் சென்ற கோடை விடுமுறையில் பிரித்தோம்.

பழைய டூ-ஸ்ட்ரோக் மோட்டார் ஒன்றும் மாயப்பெட்டி அன்று. உள்ளே அழுத்தம், தீப்பொறி, எரிபொருள், குளிர்விக்கும் நீர் ஆகிய நான்கும் சரியாக இருந்தால் அது ஓடியே தீரும். எடுத்த எடுப்பில் கயிற்றை இழுத்துவிடக் கூடாது. பிளக்கைக் கழற்றிச் சில துளி எண்ணெய் விட்டு ஓரிரவு ஊறவிட வேண்டும். பிறகு ஃப்ளைவீலைக் கையால் மெல்லச் சுற்றிப் பார்க்க வேண்டும். பிளக் துளையில் வைத்த கட்டைவிரலைக் காற்று தள்ளினால் உயிர் இருக்கிறது என்று பொருள். கார்புரேட்டரில் நாட்பட்ட பெட்ரோல் பிசினாக உறைந்திருக்கும். ஜெட் துளையை ஊசியால் குத்தினால் துளை பெரிதாகிவிடும்; மெல்லிய செம்புக்கம்பியின் ஒற்றை இழை போதும்.

உண்மையான போராட்டம் போல்ட்டுகளோடுதான்! அலுமினிய உடலில் இரும்பு போல்ட், நடுவே உப்புநீர். மின்வேதி வரிசையை வகுப்பில் மனப்பாடம் செய்தோமே, அது அங்கே கண்முன் நடந்திருந்தது. மோட்டாரின் காலில் துத்தநாகத் துண்டு ஒன்றைப் பொருத்தியிருப்பது ஏன் என்று கேட்டேன். "அது கரைஞ்சாத்தான் இது கரையாது, மருமவனே" என்றார் மாமா. எந்த நூலும் இதனைவிடச் சுருக்கமாகச் சொல்லியதாக எனக்குத் தெரியவில்லை. ஒரு போல்ட்டைச் சூடேற்றி, எண்ணெய் விட்டு, மெல்லத் தட்டி, காத்திருந்து எடுக்க மூன்று நாள் ஆயிற்று. முறுக்கி உடைத்திருந்தால் மூன்று நிமிடம்தான். அப்புறம் கடைசல் பட்டறைக்கு நடந்திருக்க வேண்டும்.

கீழ்க்காலில் உள்ள ரப்பர் இம்பெல்லர் இறக்கை ஒடிந்து கிடந்தது. கடல்நீரை மேலே ஏற்றி மோட்டாரைக் குளிர்விப்பது அந்தச் சிறு சக்கரமே. ஆதலால் மோட்டாரை வெறும் தரையில் ஒரு கணம்கூட ஓட்டிப் பார்க்கலாகாது. தண்ணீர் நிறைந்த டிரம்மில் இறக்கித்தான் கிளப்ப வேண்டும். கியர் எண்ணெய் பால்போல் வெளுத்து வந்தால் சீல் வழியே நீர் புகுந்துள்ளது என்று அறியலாம்.

டூ-ஸ்ட்ரோக் மோட்டார் எரியாத எண்ணெயைக் கடலில் கக்குகிறது என்று நண்பர்கள் வாதிடுவர். மறுக்கமாட்டேன். பழைய கார்புரேட்டர் மோட்டாரில் எரிபொருளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு எரியாமலே வெளியேறக்கூடும். வசதியுள்ளவர் ஃபோர்-ஸ்ட்ரோக் வாங்கட்டும். ஆனால் புதியதற்குப் பணமில்லாதவன் என்ன செய்வான்? பழையதைச் சீர் செய்யாமலே ஓட்டுவான். அடைபட்ட ஜெட்டும் அளவு தப்பிய எண்ணெய்க் கலப்பும் உள்ள மோட்டாரே மேலும் அதிகமாகப் புகைகிறது.

இன்னொன்றும் உண்டு, எனக்கு அதுவே பெரிது. நடுக்கடலில் மோட்டார் நின்றுபோனால் மெக்கானிக் நீந்தி வரமாட்டார். காற்று ஏறும் வேளையில் பிளக்கை மாற்றத் தெரிந்தவன் கரை சேர்வான். அந்த அறிவு, வீட்டில் ஒருமுறையேனும் அதைப் பிரித்துப் பூட்டியவனுக்கே கைவரும்.

எல்லாவற்றையும் வீட்டில் செய்யலாம் என்று நான் சொல்லவில்லை. சிலிண்டர் தேய்ந்தாலோ, கிராங்க் பேரிங் ஓசையிட்டாலோ பட்டறைக்குத்தான் போக வேண்டும். மற்றவற்றுக்கு ஒரு ஸ்பேனர் செட்டும் பொறுமையும் போதும். மாமா இப்போது படகில் ஒரு தகரப்பெட்டி வைத்திருக்கிறார். அதில் இரண்டு பிளக், பிளக் ஸ்பேனர், விசிறிக்கு மாற்றுப் பின், சுருள்கயிறு அறுந்தால் ஃப்ளைவீலில் சுற்றி இழுக்க ஒரு கயிறு ஆகியன உள்ளன. கரைக்கு வந்ததும் நன்னீர் டிரம்மில் பத்து நிமிடம் ஓடவிட்டு உப்பைக் கழுவிய பின்னரே அவர் சாப்பிட உட்காருகிறார்.