முயலுக்குப் பட்டினி ஆகாது

முயல் என்றாலே காரட் என்று நமக்கெல்லாம் ஒரு நினைப்பு. எங்கள் வீட்டிலும் காலையில் காரட், சாயங்காலம் பிஸ்கட், நடுவில் மாமியார் பிரியமாய்ப் போடும் சாதம். ஒரு நாள் எதையும் தொடவில்லை. "ஒரு வேளை பட்டினி கிடந்தா சரியாப் போயிடும்" என்றார் மாமியார். நானும் தலையாட்டினேன். மறுநாள் காலை அது கூட்டில் விறைத்துக் கிடந்தது. மகள் இரண்டு நாள் பள்ளிக்கூடம் போகவில்லை.

கால்நடை டாக்டர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். முயலின் குடல் ஓயாமல் ஓட வேண்டும், ஓட்டுவது நார்ச்சத்து. மாவும் இனிப்பும் சேர்ந்தால் மந்தப்பட்டு நின்றுவிடும். அரை நாள் தின்னாமல், புழுக்கையும் போடாமல் இருந்தாலே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டுமாம்.

ஆகவே சகோதரிகளே, தீனியில் முக்கால் பங்குக்கு மேல் புல்லாகவே இருக்கட்டும். மருந்தடிக்காத இடத்து அருகம்புல் ரொம்ப விசேஷம். முயலுக்குப் பல் ஆயுசு முழுக்க வளரும்; புல்லை மென்றுதான் தேயும். கொத்தமல்லித் தழை ஒரு பிடி கொடுக்கலாம். காரட், வாரம் இரண்டு தரம் சின்னத் துண்டு போதும். வெங்காயம் கூடவே கூடாது.

தன் மெத்தென்ற புழுக்கையைத் தானே தின்னும். 'சீ' என்று விரட்டாதீர்கள், அதில்தான் பி வைட்டமின் இருக்கிறது!

கோடையில் அதற்கு நம்மைப்போல் வேர்க்காது. கூட்டை நிழலில் வைத்து, மேலே ஈரச் சாக்கைப் போடுங்கள். மண்சட்டியில் எந்நேரமும் தண்ணீர் வேண்டும்.

இப்போது வீட்டில் இரண்டு முயல்கள், இரண்டும் பெட்டை. புல் அறுத்து வருவது மாமியார்தான்.