காலண்டர் தாளில் நோட்டு... புளியங்கொட்டையில் சம்பளம்!

‘காசு இல்லைன்னா ஏடிஎம்ல போய் எடு’ என்று சொன்ன குழந்தைகள் இப்போது பெரியவர்களாகிவிட்டார்கள். இன்றைய வாண்டுகளின் பேச்சு வேறு: “அதான் போன்ல இருக்குல்லம்மா?”

பார்ப்பதைத்தானே சொல்வார்கள்? அப்பா கடை வாசலில் செல்போனை நீட்டுகிறார். கல்லா பக்கத்தில் இருக்கும் குட்டிப் பெட்டி தொகையைச் சத்தமாகச் சொல்கிறது. மாவு பாக்கெட் கைக்கு வருகிறது. போன் மட்டும் பத்திரமாகச் சட்டைப் பைக்கே திரும்பிவிடுகிறது. எங்கே, என்ன குறைந்தது? பர்ஸைத் திறந்து நோட்டைக் கொடுத்து, மீதியை எண்ணி வாங்கிய காலத்தில், யாரும் சொல்லித் தராமலே பிள்ளைகளுக்குப் புரிந்த விஷயம் அது. யுபிஐ வந்தது 2016-ல். அதற்குப் பிறகு பிறந்த பல குழந்தைகள், வீட்டில் காசு குறைவதைக் கண்ணால் பார்ப்பதே அபூர்வம்.

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. ‘இந்த மாசம் முடியாதுடா கண்ணு’ என்று அம்மா சொல்வது உண்மையாகவே இருந்தாலும், பிள்ளைக்கு அது பொய்யாகத்தான் படும். நேற்று போனை நீட்டி மாவு வாங்கியவருக்கு, இன்று கலர் பென்சிலுக்கு மட்டும் ஏன் இல்லை? காசு இல்லை என்று அது நினைக்காது. அம்மாவுக்கு மனசில்லை என்று நினைத்துக்கொள்ளும். உட்கார வைத்துப் பாடம் எடுத்தால் ஏறாது. விளையாடினால் ஏறும். அதற்குக் கடையில் போய் விளையாட்டுச் சாமான் வாங்க வேண்டியதும் இல்லை.

நான்கு வயதுப் பிள்ளைக்கு முதலில் காசைத் தொட்டுப் பார்க்கக் கொடுங்கள். 1, 2, 5, 10, 20 ரூபாய் நாணயங்களைக் கலந்து கொட்டி, வகை வகையாக அடுக்கச் சொல்லலாம். நாணயத்தின் மேல் வெள்ளைத்தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் உரு அப்படியே பதியும். அரை மணி நேரம் வீடு அமைதியாக இருக்கும். வாயில் போட்டுக்கொள்ளும் வயதுக் குழந்தை வீட்டில் இருந்தால் மட்டும் நாணயமும் வேண்டாம், கொட்டையும் வேண்டாம்.

அடுத்தது, எல்லா வீட்டிலும் எப்போதும் இருந்த கடை விளையாட்டு. காலி பிஸ்கட் பாக்கெட், சோப்பு டப்பா, ஷாம்பு பாட்டில்தான் சரக்கு. தினம் கிழிக்கும் காலண்டர் தாள்தான் நோட்டு. நோட்டை வெட்டும்போது மதிப்புக்கு ஏற்ப நீளத்தைக் கூட்டுங்கள். அசல் நோட்டும் அப்படித்தான்: இப்போதைய வரிசையில் 10 ரூபாய் நோட்டின் நீளம் 123 மில்லிமீட்டர், 500 ரூபாய் நோட்டு 150 மில்லிமீட்டர். ஸ்கேல் வைத்து அளந்து பார்க்கச் சொன்னால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்.

கடையில் சரக்கு 50 ரூபாய்க்கு இருக்கட்டும். பிள்ளையின் கையில் 20 ரூபாய்தான் இருக்க வேண்டும். கை நிறைய நோட்டைக் கொடுத்துவிட்டால் அது வெறும் காகித விளையாட்டு. ‘இது வேணுமா, அது வேணுமா?’ என்று நின்று யோசிக்கும் அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் இத்தனை ஏற்பாடும். மீதி கொடுக்கவும் பழக்கலாம். பழைய கடைக்காரர்கள் கழித்தல் கணக்குப் போட்டு மீதி தர மாட்டார்கள், ஏற்றிக்கொண்டே போவார்கள். 13 ரூபாய் சாமானுக்கு 20 ரூபாய் நோட்டா? 2 ரூபாயை வைத்து ‘பதினஞ்சு’, 5 ரூபாயை வைத்து ‘இருபது’ என்பார்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு இது சட்டென்று பிடிபடும்.

இனி போன் விவகாரம். சோப்பு டப்பா அட்டையில் ஒரு போன் செய்யுங்கள். பிள்ளையின் டம்ளரில் 20 புளியங்கொட்டை. கடைக்காரருக்கு ஒரு காலி டம்ளர். அட்டை போனை நீட்டும் முன், விலைக்கு ஏற்ற கொட்டை இந்த டம்ளரிலிருந்து அந்த டம்ளருக்குப் போயாக வேண்டும். தம்பியோ தங்கையோ இருந்தால் அவர்தான் சத்தம் போடும் பெட்டி: “அஞ்சு ரூபா வந்துடுச்சு!” டம்ளர் காலியானதும் பெட்டி கத்த வேண்டியது, “காசு இல்லை!” முதல் நாள் அத்தனை கொட்டையும் மிட்டாய்க்கே போய்விடும். போகட்டும். அங்கே பாட்டி இரக்கப்பட்டு இன்னும் ஐந்து கொட்டையை டம்ளரில் போட்டால் விளையாட்டே கெட்டது. பாட்டிகள் போடத்தான் பார்ப்பார்கள்!

ஏழெட்டு வயதானால் மாதச் சம்பள விளையாட்டு. 30 புளியங்கொட்டைதான் சம்பளம். நான்கு கொட்டாங்குச்சிகள்: வாடகைக்கு 8, மளிகைக்கு 10, பள்ளிக்கும் பஸ்ஸுக்கும் 3, கரண்டுக்கு 2. மீதி 7 கையில். பிறகு ஒரு டப்பாவில் சீட்டுகளை எழுதிப் போட்டு நான்கை எடுக்கச் சொல்லுங்கள். ‘தம்பிக்குக் காய்ச்சல், மருந்துக்கு 3’. ‘கல்யாண மொய் 2’. ‘சைக்கிள் பஞ்சர் 1’. ‘ஊரிலிருந்து மாமா வந்திருக்கிறார், கோழிக் குழம்பு, 2’. நடுவில் ‘தாத்தா கொடுத்தது 2’ என்று வரவும் இருக்கட்டும். நம் ஊரில் பெரும்பாலான வீடுகளுக்குக் கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. ஆகவே இரண்டாம் மாத முடிவில் அந்தக் குச்சியிலிருந்து 4 கொட்டை கட்ட வேண்டும். முதல் மாதம் 2 கொட்டையைத் தொடாமல் வைத்தவர் தப்பிப்பார். எடுத்து பஜ்ஜி தின்றவர் இருட்டில் உட்கார வேண்டும். ஐந்து நிமிடம் நிஜமாகவே லைட்டை அணைத்துவிடலாம். கொட்டை தீர்ந்துபோய் ‘கடன் கொடும்மா’ என்று வந்தால் 3 கொடுத்து, அடுத்த மாதம் 4-ஆக வாங்குங்கள். மகளிர் குழுக் கடனுக்கு அம்மா ஏன் தவணை தேதியில் பரபரக்கிறார் என்பது தானாகப் புரியும்.

வீட்டின் அசல் சம்பளத்தையும் அசல் கடனையும் ஏழு வயதுப் பிள்ளையின் தலையில் ஏற்ற வேண்டியதில்லை. கொட்டைக் கணக்கு போதும்.

இதே பாடம் பரணில் கிடக்கும் பல்லாங்குழியிலும் உண்டு. ஆட்டத்தில் தோற்றவர், அடுத்த ஆட்டத்தில் கையில் இருக்கும் முத்துக்கு எத்தனை குழி நிரம்புமோ அத்தனையில்தான் ஆட வேண்டும். மற்ற குழிகள் காலி. இரண்டே குழியோடு ஆரம்பித்து, நிதானமாக எண்ணி ஆடி, மெல்ல மெல்ல மீண்டு வரும் பிள்ளையைப் பார்த்திருப்பீர்கள்.

பிறகு நிஜக் காசு. சனிக்கிழமைதோறும் 10 ரூபாய் கொடுத்தாலும் போதும், நாள் தவறக் கூடாது. தட்டைக் கழுவியதற்கும் துணி மடித்ததற்கும் கூலியாகக் கொடுக்காதீர்கள். அது வீட்டு வேலை, ‘எவ்வளவு தருவ?’ என்று கேட்கும் பழக்கம் ஒட்டிக்கொண்டால் போக்குவது கஷ்டம். பத்து வயது முடிந்தால் தபால் அலுவலகத்தில் தன் பெயரில், தானே கையெழுத்துப் போடும் சேமிப்புக் கணக்குத் தொடங்கலாம். 500 ரூபாய் வேண்டும். அதுவரை உண்டியல்தான்.

மாதக் கடைசியில் அந்த உண்டியல் பெரியவர்களின் கண்ணில் படுவது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். ‘பிள்ளை காசுதானே, அப்புறம் போட்டுக்கலாம்’ என்று சத்தமில்லாமல் எடுப்பார்கள். அந்த ‘அப்புறம்’ வரவே வராது. உண்டியல் லேசாகிவிட்டதைக் கண்டுபிடிக்கும் பிள்ளையிடம் அதன்பின் எந்த விளையாட்டும் எடுபடாது. எடுத்துத்தான் ஆக வேண்டுமென்றால் கேட்டு எடுங்கள். ‘அம்மா, 150 ரூபாய், 5-ம் தேதி’ என்று ஒரு சீட்டில் எழுதி உண்டியலுக்குள்ளேயே போடுங்கள். 5-ம் தேதி அந்தப் பணத்தைப் பிள்ளையின் கையிலேயே கொடுங்கள். எண்ணிப் பார்த்து அதுவே உள்ளே போடட்டும். சீட்டையும் அதுவே கிழிக்கட்டும்.