மெழுகுவர்த்திக்கு உயர்ந்த இடம்! மனிதருக்கு?

"ஷாமஸ்."

இது இட்டிஷ் மொழிச் சொல். கிழக்கு ஐரோப்பாவில் வாழ்ந்த யூதர்கள் வீட்டிலும் கடைத்தெருவிலும் பேசிய மொழி இட்டிஷ். பேச்சு, ஜெர்மன் மொழியோடு உறவு உடையது. எழுத்தோ எபிரேய எழுத்து.

எபிரேய மொழியில் "ஷமாஷ்" என்றால், பணி செய்பவர் என்று பொருள். அதுதான் இட்டிஷ் மொழிக்குப் போய், "ஷாமஸ்" ஆயிற்று.

இந்தச் சொல்லுக்கு 2 பொருள் உண்டு. ஒன்று, யூதர்களின் ஜெப ஆலயத்தில் வேலை பார்க்கும் ஊழியர். மற்றொன்று, திருநாளில் ஏற்றும் ஒரு மெழுகுவர்த்தி.

மனிதருக்கும் மெழுகுவர்த்திக்கும் ஒரே பெயர்! ஆனால், ஒரே மரியாதை கிடைத்ததா?

9-வது மெழுகுவர்த்தி

கி.மு. 164-ம் ஆண்டில், எருசலேம் ஆலயத்தை யூதர்கள் பகை மன்னனிடம் இருந்து மீட்டுப் புனிதப்படுத்தினார்கள். அங்கே கிடைத்த தூய எண்ணெய் ஒரு நாளைக்குத்தான் போதும். ஆனால் அது 8 நாள் எரிந்தது என்பது அவர்களுடைய நம்பிக்கை. அதன் நினைவாக வரும் திருநாள், ஹனுக்கா. இது பெரும்பாலும் டிசம்பர் மாதத்தில் வரும்.

முதல் நாள் இரவு ஒரு விளக்கு. மறுநாள் 2. இப்படியே 8-ம் நாள் 8 விளக்குகள்.

இவை புனிதமானவை. இவற்றின் வெளிச்சத்தில் வேலை செய்யக்கூடாது. காசு கூட எண்ணக்கூடாது! கண்ணால் பார்த்து மகிழலாம். அவ்வளவுதான்.

அப்படியானால், வேலைக்கு வெளிச்சம்? அதற்குத்தான் 9-வது மெழுகுவர்த்தி. அதன் பெயர் ஷாமஸ். முதலில் அதை ஏற்றுவார்கள். அதைக் கையில் எடுத்து மற்றவற்றை ஏற்றுவார்கள். பிறகு தனி இடத்தில் வைப்பார்கள். பல வீடுகளில் அது மற்ற விளக்குகளை விட உயரமான இடம்.

8 நாளும் ஏற்றும் புனித விளக்குகள் மொத்தம் 36. நாளுக்கு ஒன்றாக ஷாமசையும் சேர்த்தால் 44. ஆனால் திருநாள் கணக்கில் ஷாமஸ் சேராது!

விடியுமுன் எழுந்தவர்

இனி, மனித ஷாமசைப் பார்ப்போம்.

ஊர் உறங்கும் நேரத்தில் அவர் எழுந்திருப்பார். மரச் சுத்தியலால் வீடு வீடாகத் தட்டி, தொழுகைக்கு எழுப்புவார். பல ஊர்களில் இதுவும் அவர் வேலைதான். ஆலயக் கதவைத் திறப்பார். பனிக்காலத்தில் கணப்பு மூட்டுவார். விளக்கு ஏற்றுவார். தரையைப் பெருக்குவார். மதகுருவின் நீதிமன்றத்துக்கு வரும்படி ஆட்களை அழைப்பதும் அவரே.

ஆலயத்தின் கிழக்குச் சுவர் ஓரம் மதிப்பான இடம். அது மதகுருவுக்கும் பணக்காரருக்கும் உரியது. ஏழைகள் வாசல் பக்கம் நிற்பார்கள்.

இதுபற்றி யூதர்களே சொல்லிச் சிரிக்கும் கதை ஒன்று உண்டு.

நோன்பு நாளில் மதகுரு, "ஆண்டவரே! நான் ஒன்றும் இல்லாதவன்!" என்று கதறினார். பணக்காரரும் அவ்வாறே கதறினார். அதைக் கண்டு உருகிய ஷாமசும், "ஆண்டவரே! நானும் ஒன்றும் இல்லாதவன்!" என்றார்.

உடனே பணக்காரர், மதகுருவின் காதில் சொன்னார்: "பாருங்கள்! யார் யார் எல்லாம் தன்னை ஒன்றும் இல்லாதவன் என்று சொல்லிக்கொள்கிறார்கள்!"

பணிவு காட்டுவதற்குக் கூட அந்தஸ்து வேண்டி இருக்கிறது!

பசிக்கும் வயிறு

"ஷாமஸ் மெழுகுவர்த்தியை உயரத்தில் வைப்பது, தொண்டு உயர்ந்தது என்பதைக் காட்டுகிறது" என்று பலர் விளக்கம் சொல்கிறார்கள். உண்மையில் அதைத் தனியே வைப்பது, எண்ணிக்கையில் குழப்பம் வராமல் இருக்கத்தான். ஆனாலும் இந்த விளக்கம் நல்ல விளக்கம். அதை வேண்டாம் என்று சொல்வானேன்?

ஆனால், அது மெழுகுவர்த்தியோடு நின்றுவிடக்கூடாது. மெழுகுவர்த்திக்குப் பசி இல்லை. அதற்குப் பிள்ளைகுட்டி இல்லை. அதை உயரத்தில் வைக்கக் காசு செலவு இல்லை. மனித ஷாமசை உயர்த்துவது என்றால், ஒழுங்கான சம்பளம் கொடுக்க வேண்டும். உட்கார நல்ல இடம் கொடுக்க வேண்டும். அதுதான் கடினம்! அதனால்தான் மரியாதை மெழுகோடு நின்றுவிட்டது.

2-ம் உலகப் போருக்கு முன்பு, ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் இட்டிஷ் பேசினார்கள். ஹிட்லர் ஆட்சியில் ஏறக்குறைய 60 லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் இட்டிஷ் பேசியவர்கள். ஊர் ஊராக அழிந்தன. சுத்தியலால் தட்டிய ஷாமஸ்களும் போய்விட்டார்கள். சொல் மட்டும் பிழைத்து இருக்கிறது.

அது ஒரு கேள்வியையும் கொண்டு வந்து இருக்கிறது. மற்ற விளக்குகளுக்கு எல்லாம் ஒளி தந்தவன், கணக்கில் சேரவில்லை என்றால், அது யாருடைய கணக்கு? எழுதியவர்களின் கணக்கு!

ஹனுக்கா விளக்கு ஏற்றும் வீட்டில், குழந்தை ஷாமசைக் கையில் எடுக்கும்போது, பெரியவர்கள் எண்ணெய்க் கதையோடு சுத்தியல் பிடித்த அந்த மனிதரின் கதையையும் சொல்லட்டும். அப்போதுதான் இருவருக்கும் ஒரே பெயர் வைத்ததில் நியாயம் இருக்கும்.