புடவை எல்லோருக்கும் பொருந்தும்... ரவிக்கை?



மழைக்காலம் வந்தால் அரிசி, பருப்பு, மெழுகுவர்த்தி, தீப்பெட்டி வாங்கி வைக்கணும், ரேஷன் கார்டை பாலிதீன் பையில் சுற்றி வைக்கணும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் உடம்பில் போடுகிற துணியைப் பற்றி யாரும் சொல்வதில்லை. அதிலும் கடை அளவுக்கு அடங்காத உடம்புக்காரர்களை யாரும் நினைப்பதே இல்லை. நான் அந்த ரகம். அதனால்தான் கூச்சத்தை விட்டு இதை எழுதுகிறேன்.

எனக்கு மார்புச் சுற்றளவு 48 அங்குலம். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு தைராய்டு வந்து ஏறிய உடம்பு. சோற்றைக் குறைத்தும் இறங்கவில்லை. என் அம்மாவுக்கு இடது காலில் யானைக்கால். கடையில் விற்கிற செருப்பு எதிலும் அந்தக் கால் நுழையாது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் தண்ணீர் வந்தது. நான் அப்போது கடலூர் பக்கம் தென்பெண்ணைக் கரையில் இருக்கும் அம்மா வீட்டில் இருந்தேன். ஆற்றுத் தண்ணீர் வாசலைத் தாண்டி அடுப்படிக்குள் வந்துவிட்டது. அம்மாவையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு கட்டின துணியோடு பள்ளிக்கூடத்துக்கு ஓடினோம்.

அங்கே யாரையும் குறை சொல்ல முடியாது. சாப்பாடு வந்தது, பாய் வந்தது, புடவையும் வந்தது. கூடவே ஒரு மூட்டை ரெடிமேடு ரவிக்கை. எல்லாம் 34, 36, மிஞ்சிப் போனால் 40. கொடுத்த பையன் என்னைப் பார்த்து, "உங்க சைசுக்கு இல்லீங்களே அக்கா" என்று பாவமாகச் சொன்னான். நான் போட்டிருந்ததோ சொட்டச் சொட்ட நனைந்து, அக்குளில் கிழிந்து போன ரவிக்கை. "புடவையை இழுத்துப் போர்த்திக்கோடி, யாரு பார்க்கப் போறா?" என்றார் அம்மா. சுற்றிலும் இருநூறு பேர். எப்படி எழுந்து நடப்பது?

மூன்று நாள் ஒரு மூலையிலேயே உட்கார்ந்திருந்தேன். சாப்பாட்டு வரிசைக்கு என் பிள்ளைதான் போனான். கழிவறைக்குத் தாழ்வாரத்தைத் தாண்டிப் போகணுமே என்று தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அம்மா வெறுங்காலோடு சேற்றில் நடந்து, ஏதோ குத்தி, குளிர் காய்ச்சல் வந்து, கால் இரண்டு மடங்கு வீங்கிவிட்டது. பத்து நாள் ஆஸ்பத்திரி வாசம்.

"உயிர் பிழைச்சதே பெரிசு, ரவிக்கையாம் ரவிக்கை" என்று சிலர் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் துணி சரியில்லாவிட்டால் சோற்றுக்கும் போக முடியாது, மருந்துக்கும் போக முடியாது என்று அந்த மூன்று நாளில் தெரிந்துகொண்டேன். வெள்ளம் வடிந்த பிறகும் கஷ்டம் தீரவில்லை. தையற்கடை மிஷினும் தண்ணீரில் மூழ்கிப் போச்சு. அது சரியாகி, பொங்கல் துணிகள் முடிந்து, எனக்கு ரவிக்கை கைக்கு வரத் தை மாதம் பாதி ஓடிவிட்டது.

ஆண்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. ஒரு வேட்டி, ஒரு துண்டு இருந்தால் ஒல்லியோ குண்டோ கட்டிக்கொள்ளலாம். புடவையும் அப்படித்தான். வெட்டித் தைத்த துணியில்தான் சங்கடம். என்னைப் போலப் பருமனானவர்கள், கூன் விழுந்த பாட்டிகள், மார்பில் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், பால் கொடுக்கும் தாய்மார்கள், சக்கர நாற்காலியில் இருக்கும் பெண் பிள்ளைகள் என்று எண்ணிப் பாருங்கள். "ஃப்ரீ சைஸ்" என்று எழுதியிருக்கும். அது நமக்கு மட்டும் ஃப்ரீ இல்லை!

எங்கள் விருத்தாசலம் பீங்கானுக்குப் பேர் போன ஊர். என் வீட்டுக்காரர் சூளையில் வேலை செய்கிறார். களிமண் காயும்போதும் வேகும்போதும் சுருங்கும் என்பதால், அச்சை முதலிலேயே பெரிதாகச் செய்வார்கள். அந்தக் கணக்கு தப்பினால் பியூஸ் கேரியரின் இரண்டு பாகமும் ஒன்றோடொன்று சேராது. மண்ணுக்கே முன்கூட்டிக் கணக்குப் போடுகிற நாம், நம்ம உடம்புக்குப் போட வேண்டாமா?

நான் இப்போது செய்து வைத்திருப்பதைச் சொல்கிறேன். அளவு ரவிக்கையை வைத்துக் காக்கித் தாளில் வெட்டி, தோள், மார்பு, இடுப்பு, கைச்சுற்று, உயரம் எல்லாம் எழுதி, ரேஷன் கார்டு இருக்கும் பையிலேயே போட்டுவிட்டேன். செல்போனிலும் படம் எடுத்து நாத்தனாருக்கு அனுப்பி வைத்திருக்கிறேன். எந்தப் புடவைக்கும் போடலாம் என்று கறுப்பில் இரண்டு ரவிக்கை. துணியை நனைத்துக் காயவைத்த பிறகே தைக்கக் கொடுத்தேன். பிரித்து விட வசதியாக இரண்டு பக்கமும் ஒன்றரை அங்குலம் உள்ளே விடச் சொன்னேன். ஒன்றேகால் மீட்டர் துணி, ஊசி, நூல், கொக்கி, நாடா, ஊக்கு, சின்னக் கத்தரிக்கோல் தனி டப்பாவில். உடம்பு ஒரே மாதிரி இருப்பதில்லை. அதனால் வருஷா வருஷம் தீபாவளிக்குத் தைக்கும்போதே போட்டுப் பார்த்து மாற்றிவிட வேண்டும். ஐப்பசி மழைக்கும் அது சரியாக இருக்கும்.

அம்மாவின் காலைத் தாளில் வைத்து வரைந்து, செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து, மெத்தென்ற எம்.சி.ஆர். ரப்பரில் அகலப் பட்டை வைத்து இரண்டு ஜோடி செய்து வாங்கினோம். ஒன்று காலில், ஒன்று பையில்.

உதவி செய்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2004 சுனாமி சமயத்தில் நம் கடற்கரை ஊர்களுக்கு லாரி லாரியாக வந்த பழைய துணி, உடுத்த ஆளில்லாமல் சாலையோரம் குவிந்து கிடந்தது. கூஞ்ச் என்ற தொண்டு நிறுவனம் வந்து அதைத் தரம் பிரித்துப் பயன்படுத்த வேண்டியிருந்தது. அதைத் தொடங்கிய அன்ஷு குப்தாவுக்கு 2015-ல் மகசேசே விருது கிடைத்தது. அந்தக் குவியலில் என் அளவுக்கு ஒரு ரவிக்கை இருந்திருந்தாலும் யார் தேடி எடுத்திருப்பார்கள்? அதனால் தைத்த ரவிக்கைக்குப் பதில் துணி கொடுங்கள். நாடாவும் ஊசி நூலும் கொடுங்கள். அரசுப் பள்ளிச் சீருடை தைப்பது நம்ம மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கப் பெண்கள்தான். முகாமுக்கு ஒரு மிஷினும், இவர்களில் ஒருவரும் இருந்தால் போதும். என்னைப் போல் பத்துப் பேருக்கு ஒரே நாளில் தைத்துவிடலாம். அளவெடுக்க ஒரு மறைவான அறையும் வேண்டும்.

சகோதரிகளே, இது அலங்காரம் இல்லை, ஆடம்பரமும் இல்லை. நாலு பேர் நடுவில் எழுந்து நின்று, "எனக்கும் ஒரு தட்டு சோறு போடுங்க" என்று கேட்கிற தைரியம். இந்த ஐப்பசிக்கு முன்னாடி உங்கள் அளவை ஒரு தாளில் எழுதி வையுங்கள். பக்கத்து வீட்டுப் பாட்டியின் அளவையும் சேர்த்து எழுதுங்கள். பாட்டிக்கு நாம்தானே எழுதணும்?

- ஓர் இல்லத்தரசி, விருத்தாசலம்.