பழைய மடிக்கணினியா, புதிய அடிமைச் சாசனமா?

தில்லியில் எங்கள் கிளையைச் சேர்ந்த தமிழ் பேசும் இளம் தோழர்களுக்குக் கணினிப் பயிற்சி அளிப்பதென்று கடந்த ஆண்டு நவம்பரில் முடிவு செய்தோம். முடிவில் கருத்து வேறுபாடு இல்லை. கருவி வாங்குவதில்தான் வேறுபாடு எழுந்தது. திரட்டிய நிதியில் விண்டோஸ் 11 பதிந்த புதிய மடிக்கணினி ஒன்றை வாங்கி அலுவலக மேசைமீது வைக்கலாம் என்றனர் ஒரு சாரார். அதே தொகைக்கு நேரு பிளேஸ் சந்தையில் பயன்படுத்திய மடிக்கணினிகள் மூன்றை வாங்கி, அவற்றில் லினக்ஸ் இயங்குதளத்தைப் பதிந்து, கற்போர் கையிலேயே கொடுத்தனுப்பலாம் என்றேன் நான்.

“கணினி வாங்குவதிலுமா தோழர் அரசியல்?” என்று மூத்த தோழர் ஒருவர் சிரித்தார். சிரிப்பு அடங்கியபின் மூன்று வாதங்களை அவர் முன்வைத்தார். ஒன்று, பழைய பொருள் பாதி வழியில் கைவிடும். இரண்டு, உலகமே விண்டோஸில் இயங்கும்போது வேறொன்றைக் கற்பது இளைஞர்களின் வேலைவாய்ப்பைக் கெடுக்கும். மூன்று, இது பொறியாளர்களின் பொழுதுபோக்கு. வர்க்கப் போராட்டத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை.

இவை ஒரு தனித் தோழரின் வாதங்கள் அல்ல. நம் குழுக்கள் பலவற்றில் ஒலிப்பவை. எனவே பொதுவில் விடையளிப்பது கடமையாகிறது. நான் கணினி அறிவியல் கற்றவன் அல்லன். தமிழில் முதுகலை பயின்று, கட்சி ஆவணங்களை மொழிபெயர்ப்பதில் காலம் கழித்தவன். அந்த அனுபவத்திலிருந்தே பேசுகிறேன்.

கணினியைக் கொன்றது யார்?

‘மூலதனம்’ முதல் தொகுதியில், இயந்திரங்கள் பற்றிய அத்தியாயத்தில், இயந்திரம் இருவகைத் தேய்மானத்துக்கு உள்ளாவதை மார்க்ஸ் விளக்குகிறார். உழைப்பதாலும் உழைக்காமல் கிடப்பதாலும் வருவது பௌதிகத் தேய்மானம். அதே இயந்திரம் மலிவாக உற்பத்தி செய்யப்படுவதாலோ, மேம்பட்ட இயந்திரம் போட்டிக்கு வருவதாலோ அதன் பரிவர்த்தனை மதிப்பு குன்றுவது மற்றொன்று. இந்த இரண்டாவதை ‘தார்மீகத் தேய்மானம்’ என்று பெயர்ப்பதா, ‘மதிப்புத் தேய்மானம்’ என்று பெயர்ப்பதா என மொழிபெயர்ப்பாளர்கள் மல்லுக்கட்டுவதுண்டு. இன்று மூன்றாவது வகைக்கும் பெயர் தேட வேண்டியுள்ளது.

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. கூடுதல் பாதுகாப்புப் புதுப்பிப்பு என்ற பெயரில் தனிநபர்களுக்கு ஓராண்டுத் தவணை அளித்தது. விண்டோஸ் 11க்கு மாறலாமே என்றால், அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் செயலி எனில், ஒருசில விதிவிலக்குகள் தவிர, 2017இல் வெளிவரத் தொடங்கிய எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். அதற்கு முந்தைய கணினி நன்றாக ஓடினாலும், தட்டச்சும் கணக்கும் காணொலியும் அதில் குறைவின்றி நடந்தாலும், தகுதியற்றது என்று முத்திரை குத்தப்படுகிறது. கருவி தேயவில்லை, அது செய்த வேலையும் ஒழிந்துவிடவில்லை. உரிமத்தின் உடைமையாளர் ஒரு தேதியைக் குறிப்பிடுகிறார். அந்தத் தேதியில் அது சாகிறது. இதை ‘ஆணைத் தேய்மானம்’ என்பேன்.

செத்ததாக அறிவிக்கப்பட்டவை எங்கே போகின்றன? கணிசமானவை வடகிழக்குத் தில்லியின் சீலம்பூருக்குப் போகின்றன. அங்கே ஆண்களும் பெண்களும் சிறுவர்களும் கையுறையின்றி அவற்றை உடைக்கின்றனர்; செம்புக்காகக் கம்பிகளை எரிக்கின்றனர்; அமிலத்தில் பலகைகளை முக்குகின்றனர். மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. சீலம்பூரின் புகை அந்த விதிகளைப் படித்ததாகத் தெரியவில்லை. பழைய கணினியை மேலும் ஐந்தாண்டு உழைக்கச் செய்வது, அந்தப் புகைக்குள் நிற்கும் தொழிலாளியோடும் தொடர்புடைய செயல்.

திருட்டுப் பிரதி எதிர்ப்பு ஆகாது

“விண்டோஸுக்கு யார் காசு கொடுக்கிறார்கள்? திருட்டுப் பிரதியைப் பதிந்துகொண்டால் ஏகபோகத்துக்கு நட்டம்தானே?” என்று கேட்கும் தோழர்களும் உண்டு. இது போராட்டம் அன்று, பழக்க அடிமைத்தனம். திருட்டுப் பிரதி நம் கைகளை அந்தத் தளத்துக்குப் பழக்குகிறது; நாளை நம் பிள்ளைகள் காசு கொடுத்து வாங்கும் சந்தையை இன்று இலவசமாகத் தயாரிக்கிறது. மேலும், சட்டத்துக்குப் புறம்பான பிரதி என்று அறிந்தே மென்பொருளைக் கணினியில் பயன்படுத்துவது, பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவின்படி சிறைத் தண்டனைக்குரிய குற்றம். நம் அலுவலகக் கதவைத் தட்டக் காரணம் தேடுவோருக்கு நாமே காரணம் எடுத்துக் கொடுக்கலாமா?

கட்டற்ற மென்பொருளின் தன்மை வேறு. 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்த குனு திட்டமும், 1991இல் ஃபின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ் கருவும் இணைந்து உருவானதே இந்த இயங்குதளம். எந்த நோக்கத்துக்கும் இயக்கலாம், உள்ளே திறந்து படித்து மாற்றலாம், பிரதியெடுத்துப் பகிரலாம், மாற்றியதையும் பகிரலாம். இந்நான்கு உரிமைகளே அதன் சாரம். இலவசம் என்பது இவற்றின் பக்கவிளைவு மட்டுமே.

இந்தக் களம் நமக்குப் புதியதன்று. 2004 டிசம்பரில் வந்த அவசரச் சட்டம் மென்பொருள் காப்புரிமைக்குக் கதவைத் திறக்க முயன்றது. 2005இல் இடதுசாரிக் கட்சிகளின் நிர்ப்பந்தத்தால் அந்தப் பிரிவு கைவிடப்பட்டது. நாடாளுமன்றத்தில் நாம் காத்த உரிமையை நம் அலுவலகத்தில் பயன்படுத்தாதிருப்பது விந்தை.

ஏகபோகத்தின் பிடி எத்தகையது என்பதை 2025 ஜூலை காட்டியது. ரஷ்ய எண்ணெய் நிறுவனம் பங்குதாரராக உள்ள நயாரா எனர்ஜிக்கு, ஐரோப்பிய ஒன்றியத் தடையை ஒட்டி, மைக்ரோசாஃப்ட் தன் சேவைகளை நிறுத்தியது. இந்திய மண்ணில் இயங்கும் நிறுவனம், தன் மின்னஞ்சலுக்காகத் தில்லி உயர் நீதிமன்றத்தை நாட வேண்டியதாயிற்று. அதன்பின் சேவை மீண்டது. சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நிறுவனத்துக்கே இந்த நிலை என்றால், நம் கிளை எம்மாத்திரம்?

எப்படித் தேர்ந்தெடுப்பது?

பழைய பொருள் கைவிடும் என்ற வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. நானே ஏமாந்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் சந்தையில் ஒரு மடிக்கணினியைத் தோற்றம் பார்த்து வாங்கினேன். வீட்டில் லினக்ஸ் பதிய முயன்றபோது, முந்தைய உடைமை நிறுவனம் இட்ட பயாஸ் கடவுச்சொல் வழிமறித்தது. கடைக்காரர் கைவிரித்தார். அந்தப் பணம் போயிற்று, பாடம் மிஞ்சியது. அதைத் தோழர்களுக்குத் தருகிறேன்.

முதலாவது, பணம் கொடுக்குமுன் இயக்கிப் பாருங்கள். லினக்ஸ் மின்ட், டெபியன் போன்ற ஒன்றைப் பென்டிரைவில் ஏற்றி உடன் கொண்டுசெல்லுங்கள். வட்டில் எதையும் பதியாமலே அதிலிருந்து கணினியை இயக்கலாம். வைஃபை, ஒலி, கேமரா, எல்லா விசைகள், மூடித் திறந்தால் விழித்தெழுகிறதா என்பது, இவை அனைத்தையும் கால் மணி நேரத்தில் சோதிக்கலாம். பயாஸ் அமைப்புக்குள்ளும் நுழைந்து பாருங்கள். இதற்கு மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.

இரண்டாவது, 64 பிட் செயலி கட்டாயம். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13, 32 பிட் கணினிகளில் நேரடியாகப் பதியும் வசதியைக் கைவிட்டது. இன்டெல் ஆறாம், ஏழாம் தலைமுறை ஐ5 கற்பதற்குத் தாராளம். விண்டோஸ் 11 இவற்றை ஒதுக்குவதால் விலையும் இறங்கியிருக்கிறது. ஏகபோகத்தின் ஆணை இங்கே நமக்குச் சாதகம்.

மூன்றாவது, 8 ஜிபி நினைவகம், எஸ்எஸ்டி சேமிப்பகம். நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்ட மெல்லிய கணினிகளைத் தவிர்த்து, கழற்றி மாற்றும் துளை உள்ளவற்றைத் தேடுங்கள். நிறுவனங்களுக்கென உற்பத்தியாகும் திங்க்பேட் டி வரிசை, லாட்டிட்யூட், எலைட்புக் வகைகள், அலுவலகங்கள் கழிக்கும்போது மொத்தமாகச் சந்தைக்கு வருகின்றன. அவற்றைக் கழற்றிப் பழுதுபார்க்கும் கையேடுகள் பொதுவில் கிடைக்கின்றன. உதிரி பாகங்களும் கிடைக்கின்றன. நான் எந்த நிறுவனத்துக்கும் விளம்பரம் செய்யவில்லை. கழற்ற முடிவதே என் அளவுகோல்.

நான்காவது, தவிர்க்க வேண்டியவை. 2018 முதல் வந்த ஆப்பிள் மடிக்கணினிகளில் பெரும்பாலானவை தம் சில்லுகளால் வேறு இயங்குதளத்துக்குத் தடையாகின்றன. தனி என்விடியா வரைகலை அட்டையும் சில பிராட்காம் வைஃபை அட்டைகளும் புதிதாகக் கற்போருக்குத் தலைவலி.

ஐந்தாவது, மின்கலத்தின் மூலக் கொள்ளளவையும் தற்போதைய கொள்ளளவையும் லினக்ஸே காட்டும். பாதிக்கும் கீழ் எனில் புதிய மின்கலத்தின் விலையைக் கழித்துப் பேசுங்கள். உப்பிய மின்கலம் எனில் தொடவே வேண்டாம். இறுதியாக, தொடர் எண் குறிப்பிட்ட ரசீது இல்லாமல் வாங்காதீர்கள். களவுப் பொருள் கட்சி அலுவலகத்துக்குள் வரக்கூடாது.

வேலைவாய்ப்பும் கேரள அனுபவமும்

இரண்டாவது வாதத்துக்கு வருவோம். உலகம் விண்டோஸில் இயங்கவில்லை. உலகின் 500 அதிவேகக் கணினிகள் பட்டியலில் உள்ள அனைத்தும் 2017 நவம்பர் முதல் லினக்ஸில் இயங்குகின்றன. இணைய வழங்கிகளில் பெரும்பான்மையும் அதிலேயே இயங்குகின்றன. நம் கையிலுள்ள ஆண்ட்ராய்டு பேசியின் கருவும் அதுவே. விண்டோஸை மட்டும் பழகியவருக்கு மேசைவேலை கிடைக்கலாம். இயங்குதளத்தின் உள்ளியக்கத்தைக் கற்றவருக்கு அதற்கு அப்பாலும் கதவு திறக்கிறது.

கேரளத்தில் 2001இல் தொடங்கிய ‘ஐடி அட் ஸ்கூல்’ திட்டம், ஆசிரியர்களும் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களும் வாதாடியதன் விளைவாகக் கட்டற்ற மென்பொருள் பாதைக்குத் திரும்பியது. 2017இல் அது ‘கைட்’ நிறுவனமாயிற்று. 2018 முதல் ‘லிட்டில் கைட்ஸ்’ மன்றங்களில் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் தாமே கணினியைக் கையாண்டு கற்கின்றனர். உரிமக் கட்டணம் மிச்சமானது சிறிய பயன். அரசுப் பள்ளிப் பிள்ளை கருவியின் எசமானராவது பெரிய பயன். ஒன்றிய அரசோ 2015இல் திறமூல மென்பொருள் கொள்கையை அறிவித்தது. அறிவித்ததோடு அதன் வேகம் தணிந்தது.

மாயையும் வேண்டாம். கட்டற்ற மென்பொருள் தானாகவே சோசலிசத்தைக் கொண்டுவராது. லினக்ஸ் கருவில் இன்று எழுதுவோரில் பலர் பெருநிறுவன ஊழியர்கள். ரெட் ஹேட் நிறுவனத்தை 3,400 கோடி டாலருக்கு ஐபிஎம் வாங்கி முடித்தது 2019இல்தான். கூட்டுழைப்பில் விளைந்ததை மூலதனம் இங்கும் அறுவடை செய்கிறது. ஆயினும் விதையை அதனால் பூட்டிவைக்க இயலவில்லை. இந்த வேறுபாட்டைக் காணாதவர் களத்தையே காணாதவர்.

மேசையா, கையா?

மூன்றாவது வாதம் வர்க்கம் பற்றியது. 2017-18இன் தேசிய மாதிரி ஆய்வு 75ஆம் சுற்றின்படி கணினி உள்ள குடும்பங்கள் ஊரகத்தில் 4.4 விழுக்காடு, நகர்ப்புறத்தில் 23.4 விழுக்காடு. இதைவிட வர்க்கப் பிரச்சனை வேறென்ன?

எங்கள் பயிற்சிக்கு வந்தோரில் ஒருவர், 2025 ஜூன் 1 அன்று இடிக்கப்பட்ட ஜங்புரா மதராஸி முகாமில் வளர்ந்த இளம்பெண். சுமார் 370 வீடுகள் இடிந்தன; மாற்று வீட்டுக்குத் தகுதியுடையவை என ஏற்கப்பட்டவை 189 குடும்பங்களே. அந்த வீடுகளும் தொலைதூர நரேலாவில். இவருடைய குடும்பம் அங்கே சென்றது. வாரம் ஒருமுறை இரண்டு பேருந்து மாறி வகுப்புக்கு வருபவருக்கு, அலுவலக மேசைமீதுள்ள புதிய கணினியால் என்ன பயன்? வாரத்தில் ஒரு மணி நேரம் தொட்டுப் பார்க்கலாம். கையோடு கொண்டுசெல்லும் பழைய கணினி ஏழு நாளும் அவருடையது. இந்தக் கேள்வியைக் குழுவில் வைத்தபோதுதான் மூத்த தோழரின் சிரிப்பு நின்றது. மூன்று பழைய கணினிகள் வாங்க அவரே கை உயர்த்தினார்.

மூன்றில் ஒன்றின் மின்கலம் மூன்றாம் மாதத்தில் செயலிழந்தது உண்மை. கழற்றி மாற்றினோம், அதை மாற்றியவரும் கற்பவர்களில் ஒருவரே.

இன்னொன்றும் நடந்தது. ஒருங்குறி பரவுமுன், தனியார் எழுத்துருக் குறியாக்கம் ஒன்றில் பல ஆண்டுகள் நான் தட்டச்சு செய்த மொழிபெயர்ப்புகள், மாநாட்டு ஆவணங்கள் உட்பட, இன்று திறந்தால் புரியாத குறிகளாய் நின்றன. எழுத்துருவின் உடைமையாளர் கடையை மூடியதும் என் தமிழும் பூட்டப்பட்டது. அந்த இளம் தோழர், எந்தக் குறி எந்த எழுத்து என்று என்னிடம் கேட்டுக் கேட்டு அட்டவணை எழுதி, சிறு நிரலொன்றால் அவற்றை ஒருங்குறிக்கு மாற்றினார். “படிச்சுப் பாருங்க தோழர், எழுத்து சரியா இருக்கா?” என்று கேட்டார். என் முப்பதாம் வயதின் வாக்கியங்களை அவருடைய பழைய மடிக்கணினியில் படித்தேன். ஒற்றுப் பிழைகள் உட்பட அனைத்தும் இருந்தன.

தோழர்களே, அடுத்த முறை உங்கள் குழு கணினி வாங்குவதை விவாதிக்கும்போது விலைப்பட்டியலை மட்டும் பார்க்காதீர்கள். கருவி யார் கையில் இருக்கும், அதை யார் திறக்கலாம், யார் ஆணையிட்டால் அது நிற்கும் என்ற மூன்று கேள்விகளையும் நிகழ்ச்சிநிரலில் வையுங்கள். பென்டிரைவோடு சந்தைக்குப் போங்கள். உரிமச் சங்கிலியால் கட்டுண்ட ஒரு புதிய கருவியைவிட, உழைப்பவர் கையில் திறந்து கிடக்கும் மூன்று பழைய கருவிகள் மேலானவை.