அந்தக் கடிதம் நமக்கு வந்தது

பிரிந்து வாழ்வதென்று முடிவெடுத்துவிட்ட பெற்றோரும், அந்த முடிவை நெருங்கிக்கொண்டிருப்பவர்களும் ஒரு நாவலைப் படிக்க வேண்டும். மன்னு பண்டாரி இந்தியில் எழுதி 1971இல் நூலாக வந்த 'ஆப்கா பண்ட்டி'. ஆங்கில மொழிபெயர்ப்பும் உண்டு. தலைப்புக்கு 'உங்கள் பண்ட்டி' என்று பொருள். விடுதியிலிருக்கும் பிள்ளை வீட்டுக்கு எழுதும் கடிதத்தின் அடியில் இப்படித்தான் கையெழுத்துப் போடும். தான் பார்த்த சில நிஜக் குழந்தைகளிலிருந்துதான் பண்ட்டி பிறந்தான் என்று முன்னுரையில் சொல்லும் மன்னு பண்டாரி, இதைப் படித்து உங்களுக்கு வெறும் கண்ணீர்தான் வருகிறதென்றால் கடிதம் விலாசம் மாறிப் போய்விட்டதென்றே எடுத்துக்கொள்வேன் என்றும் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறார்.

ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் நாம் விலாசத்தை மாற்றிக்கொண்டேதான் இருக்கிறோம். 'பாவம் அந்தப் பிள்ளை' என்று உச்சுக்கொட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். பாவம் என்று சொல்லும் உரிமை வழிப்போக்கனுக்கு உண்டு. பெற்றவர்களுக்கு இல்லை.

கதை எளியது. எட்டு ஒன்பது வயதுப் பையன் பண்ட்டி. அம்மா ஷகுன் கல்லூரி முதல்வர். அப்பா அஜய் கல்கத்தாவில் வேறொரு வாழ்க்கை அமைத்துக்கொண்டிருக்கிறார். மகனைப் பார்க்க ஊருக்கு வந்தாலும் வீட்டுப்படி ஏறாமல் வெளியே தங்கி, பையனை அங்கே வரவழைத்துக்கொள்கிறார். பரிசுகள் வாங்கித் தருகிறார், சுற்றிக் காட்டுகிறார், போய்விடுகிறார். நடுவில் வக்கீல் சாச்சா என்றொரு பெரியவர் காகிதங்களோடு வருகிறார். அவர் வந்து போனாலே அம்மாவின் முகம் மாறிவிடுவதைப் பையன் கவனிக்கிறான். என்ன பேசினார்கள் என்று மட்டும் அவனிடம் யாரும் சொல்வதில்லை. பிறகு ஷகுன் மனைவியை இழந்த டாக்டர் ஜோஷியை மணந்துகொள்கிறாள். பண்ட்டியை வளர்த்த பணிப்பெண் ஃபூஃபி வீட்டைவிட்டுப் போகிறாள். தான் தண்ணீர் ஊற்றி வளர்த்த செடிகளை விட்டுவிட்டு, ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் உள்ள புது வீட்டுக்குப் பண்ட்டி போகிறான். அங்கே அவனுக்கு ஒட்டவில்லை. அப்பாவிடம் அனுப்பப்படுகிறான். அங்கே சிற்றன்னையும் ஒரு கைக்குழந்தையும். அங்கும் ஒட்டவில்லை. கடைசியில் ஹாஸ்டல்.

இதில் கொடியவர்கள் யாருமில்லை. என்னை உலுக்குவது அதுதான். ஷகுன் மகனைப் பாசம் கொட்டி வளர்க்கிறாள். அஜய்க்கும் பாசமில்லாமல் இல்லை. டாக்டர் ஜோஷி நல்ல மனிதர். இத்தனை நல்லவர்கள் சேர்ந்து ஒரு பிள்ளைக்கு நிற்க இடமில்லாமல் செய்துவிடுகிறார்கள். புத்தகத்தை மூடிவிட்டு ஷகுனை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். 'தாயாக இருந்துகொண்டு மறுமணம் கேட்குதா' என்பார்கள். அஜய் மறுமணம் செய்துகொண்டதைப் பற்றி அவர்களுக்குச் சொல்ல ஒன்றுமிருக்காது. அது நியாயமில்லை. மன்னு பண்டாரி ஷகுனை உள்ளிருந்து எழுதியிருக்கிறார், அவள் தனிமையையும் அவமானத்தையும் மறைக்கவில்லை. ஆனால் அவளுக்குச் சலுகையும் தரவில்லை. மகன் தனக்கு மகன் மட்டுமல்ல, அஜயை வதைக்கக் கையிலிருக்கும் ஆயுதமும்தான் என்பதை ஷகுன் தனக்குத்தானே ஒப்புக்கொள்ளும் இடம் நாவலில் வருகிறது. அந்தப் பக்கத்தில் நின்று நிதானமாகப் படியுங்கள். உங்கள் வீட்டில் யார் கையில் அந்த ஆயுதம் இருக்கிறது?

'இல்லை, நாங்கள் அப்படியில்லை' என்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு போய்த் திரும்பிய பிள்ளையிடம், 'அங்க யார் யார் இருந்தாங்க? என்னைப் பத்தி என்ன சொன்னாரு?' என்று கேட்கவில்லையா? 'ஃபீஸ் கட்ட உங்கம்மாகிட்ட காசு இல்லையாமா?' என்று பிள்ளையின் வழியே சொல்லி அனுப்பவில்லையா? அது நன்றாகச் சிரித்து விளையாடிவிட்டு வந்தால், உங்கள் முகம் கொஞ்சம் சுருங்கவில்லையா? சுருங்கியதை அது பார்த்துவிட்டது. அடுத்த வாரம் சிரிப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வரும். அங்கே நன்றாக இல்லை என்று பொய்யும் சொல்லும். உங்களைத் திருப்திப்படுத்தத்தான் அந்தப் பொய். அதை நம்பி, 'பிள்ளைக்கே அங்க பிடிக்கலை' என்று வக்கீலிடம் போய்ச் சொல்கிறீர்கள்.

1897இல் ஹென்றி ஜேம்ஸ் எழுதிய 'வாட் மெய்ஸி நியூ' நாவலிலும் இதே கொடுமை உண்டு. ஆறு மாதம் அப்பாவிடம், ஆறு மாதம் அம்மாவிடம் என்று பங்கிடப்பட்ட சிறுமி மெய்ஸி. இருவரும் ஒருவர்மேல் ஒருவர் எறியும் வசவுகளைச் சுமந்துபோய்ச் சேர்ப்பது அவள் வேலையாகிறது. ஒரு கட்டத்தில் அவளுக்கு விஷயம் புரிகிறது. அன்றிலிருந்து கேட்டதை மறந்தவள்போல், ஒன்றும் விளங்காதவள்போல் நடிக்கத் தொடங்குகிறாள். பெற்றவர்கள் அவளை மந்தபுத்தி என்கிறார்கள். படிப்பில் திடீரென்று சறுக்கிய, கேட்டதற்கெல்லாம் 'தெரியலை' என்று சொல்கிற பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், டியூஷன் மாற்றுவதற்கு முன் மெய்ஸியை ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

'சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும்?' என்பது நம் வீடுகளில் பரம்பரையாக வரும் பொய். பண்ட்டிக்கு எல்லாம் தெரிகிறது, தெரியவேண்டிய ஒன்றைத் தவிர. வக்கீல் வந்தது, அம்மா அழுதது, குரல் தாழ்ந்தது, கதவு சாத்தப்பட்டது எல்லாம் தெரியும். தனக்கு என்ன ஆகும் என்பது மட்டும் தெரியாது. அந்த வெற்றிடத்தைக் குழந்தை தன் கணக்கில் நிரப்பிக்கொள்ளும்: நான் சமர்த்தாக இருந்தால் அப்பா திரும்பி வருவார், நான் அடம் பிடித்ததால்தான் போனார். பண்ட்டியின் நாவல் வந்த அதே 1971இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ஜூடித் வாலர்ஸ்டைனும் ஜோன் கெல்லியும் பிரிந்த 60 குடும்பங்களின் 131 குழந்தைகளைத் தொடர்ந்து கவனிக்கத் தொடங்கினார்கள். மிகச் சிறிய குழந்தைகளில் பெரும்பாலோருக்கு வீட்டில் யாரும் சரியாக எதையும் விளக்கவில்லை என்பதையும், பிரிவுக்குத் தாங்களே காரணம் என்று பல குழந்தைகள் நம்பியதையும் அவர்கள் பதிவுசெய்தார்கள். இந்தப் பக்கம் ஒரு நாவலாசிரியை, அந்தப் பக்கம் இரண்டு ஆய்வாளர்கள். ஒருவரையொருவர் அறியாமல் ஒன்றையே கண்டிருக்கிறார்கள்.

நான் பிரியாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. அடி வாங்கிக்கொண்டு, அவமானப்பட்டுக்கொண்டு பிள்ளைக்காகச் சேர்ந்திருங்கள் என்று யாரிடமும் சொல்ல மாட்டேன். அப்படிப்பட்ட வீட்டில் வளரும் பிள்ளை படும் பாடு இதைவிடப் பெரிது. உளவியலாளர் மாவிஸ் ஹெதரிங்டன் பல்லாண்டுகள் நடத்திய ஆய்வில், பெற்றோர் பிரிந்த குழந்தைகளில் பெரும்பாலோர் காலப்போக்கில் நன்றாகவே தேறிவிட்டதாகக் கண்டார். பிள்ளையை அதிகம் முறிப்பது ஓயாத சண்டை. பிரிந்த பிறகும் பிள்ளையைக் களமாக வைத்துத் தொடரும் சண்டை. இதைக் கேட்டு ஆறுதல் அடைவதைவிடக் கூச்சப்படுவதுதான் நமக்குப் பொருத்தம். ஏனென்றால் சண்டையை நிறுத்துவது நம் கையில் இருக்கிறது.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடாதீர்கள். 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை பொதுவாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்கிறது, எல்லாவற்றுக்கும் மேலாகக் குழந்தையின் நலனே முக்கியம் என்கிறது. யோசித்துச் சொல்லும் வயது வந்த பிள்ளையின் விருப்பத்தை நீதிமன்றம் கேட்கலாம் என்று 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டமே சொல்லியிருக்கிறது. ஒருவர் வளர்ப்பில் மட்டும் இருக்கும் பிள்ளையின் மனத்தை மற்றவருக்கு எதிராகத் திருப்பிவிடும் போக்கைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2017இல் ஒரு வழக்கில் விரிவாகப் பேசியது. 1992இல் இந்தியா ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமை உடன்படிக்கையின்படி, பிரிந்த பெற்றோர் இருவரோடும் தொடர்பில் இருப்பது குழந்தையின் உரிமை. நீங்கள் தாராள மனதோடு கொடுக்கும் சலுகையல்ல அது. ஆனால் எந்த நீதிபதியும் உங்கள் சாப்பாட்டு மேசையில் வந்து உட்கார்ந்துகொண்டு, 'அவரைப் பற்றிப் பிள்ளை முன்னால் இப்படிப் பேசாதே' என்று தடுக்க முடியாது.

ஆகவே இதைச் செய்யுங்கள். முடிந்தால் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து, முடியாவிட்டால் தனித்தனியாக ஆனால் ஒரே வார்த்தைகளில், பிள்ளையிடம் உண்மையைச் சொல்லுங்கள். நாங்கள் இனி ஒரே வீட்டில் இருக்கப் போவதில்லை. உன்னால் அல்ல. நீ இந்த வீட்டில் இருப்பாய், இந்தப் பள்ளிக்கூடம்தான், இந்தக் கிழமைகளில் அப்பாவோடு. அப்பாவைப் பிடிக்கும் என்று நீ என்னிடம் சொல்லலாம், நான் வருத்தப்பட மாட்டேன். கடைசி வாக்கியம்தான் தொண்டையில் சிக்கும். சிக்கினாலும் சொல்லுங்கள். ஒருமுறை சொன்னால் போதாது. பிள்ளை கேட்கும்போதெல்லாம், கேட்காத நாட்களிலும். பிறகு புத்தகத்தை வாங்கி, நீங்கள் படித்து முடித்ததும் அந்த இன்னொருவருக்கும் கொடுத்துவிடுங்கள். எந்த வரியிலும் அவருக்காகக் கோடு போட்டுக் கொடுக்காதீர்கள்.

கடிதம் பிரிந்தவர்களுக்கு மட்டும் வந்ததில்லை. அடுக்குமாடியின் லிஃப்டில், பள்ளி வாசலில், கல்யாணப் பந்தியில் ஒரு பிள்ளையைப் பிடித்து நிறுத்தி, 'அப்பா வரலையா? ஏன் வர்றதில்லை? உனக்கு அம்மா பிடிக்குமா, அப்பா பிடிக்குமா?' என்று கேட்கிறோமே, நமக்கும்தான். தாத்தா பாட்டிகளே, மருமகளைத் திட்டவேண்டுமானால் பேரப்பிள்ளை தூங்கிய பிறகும் திட்டாதீர்கள், அது தூங்கியிருக்காது. பக்கத்து வீட்டுக்காரர்களே, அந்தப் பிள்ளை உங்கள் வீட்டுக்கு விளையாட வரும்போது அதன் வீட்டுக் கதையைக் கிண்டாதீர்கள். உங்கள் பிள்ளையிடமும் அந்தக் கதையைச் சொல்லி அனுப்பாதீர்கள். வா, உட்கார், தோசை ஊற்றியிருக்கிறேன், சாப்பிட்டுவிட்டு விளையாடுங்கள் என்று சொல்லுங்கள்.